டேங்க் மூடியில் வைத்த பொட்டு

நீங்கள் எல்லோரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். போனில் சொன்னவர்கள், கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னவர்கள், நம் பள்ளித் தோழிகள் குழுவில் குரல் பதிவாக அனுப்பியவர்கள், எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "பொண்ணக் கொண்டுபோய் அவ புருஷன்கிட்ட விட்டுடு லா. நாளாக நாளாகத்தான் பேச்சு வளரும்." நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தால் எனக்கு ஒரு டிராக்டர் சத்தம் கேட்கிறது. நீங்களும் தோட்டத்தில் பிறந்தவர்கள். அந்தச் சத்தம் உங்களுக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

நிபோங் திபாலைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் மரங்கள் போய், நட்ட செம்பனைகள் குலை தள்ளத் தொடங்கியிருந்த காலம். எனக்கு இரட்டைப் பின்னல் போடும் வயது. அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டினார். வெட்டிப் போட்ட குலைகளைப் பின்னால் இழுவைப் பெட்டியில் ஏற்றி, செம்மண் பாதை வழியாக லாரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோவது அவர் வேலை. காலையில் அதே பெட்டியில் எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்குவார். பழுத்த செம்பனையின் எண்ணெய்ப் பிசுக்கு பாவாடையில் ஒட்டிக்கொள்ளும். வாத்தியார் முகம் சுளிப்பார். அப்பாவின் மேல் எப்போதும் டீசல் வாடை. அவர் பிசைந்து ஊட்டும் சோற்றிலும் அது இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

நீல வண்டி அது. வெயிலில் வெளுத்து, ஊறப்போட்ட துணி நிறத்துக்கு வந்திருந்தது. டீசல் டேங்க் எஞ்சினுக்கு மேலே, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தது. ஓட்டுகிறவர் முகத்துக்கு நேர் எதிரே அதன் மூடி. மூடியின் நடுவில் ஓர் ஊசி நுழையும் அளவுக்குத் துளை. அது எதற்கு என்று எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அந்த வருஷம்வரை வரவில்லை.

அந்த வருஷம்தான் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கூலிம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் கூடையில் நாலு துணியோடு பஸ்ஸில் வந்து இறங்கி, பாதை முழுக்க நடந்தே வந்திருந்தாள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன.

"என்ன கையில?" என்றாள் அம்மா.

"கதவுல மாட்டிக்கிச்சு, அண்ணி."

"கதவு தானா சாத்திக்கிச்சாக்கும்."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு அம்மா கேட்டது, "எத்தன நாளு இருப்ப?" என்பதுதான்.

அத்தை மடங்காத விரல்களோடுதான் எனக்குத் தலை பின்னினாள். அந்த இரண்டு விரல்களும் என் பிடரியில் சில்லென்று தட்டும். நான் கூச்சத்தில் நெளிவேன். அவளுக்குக் காது கூர்மை. தூரத்தில் டிராக்டர் வரும்போதே பெட்டியில் சுமை இருக்கிறதா, காலியா என்று சொல்லிவிடுவாள். "உங்கப்பா இன்னிக்கு கோவமா வர்றாரு, கியரப் போட்டுக் கொல்றாரு" என்பாள். அப்படியே இருக்கும்.

ஆயுத பூசை வந்தது. ஸ்டோர் முன்னால் வெட்டுக்கத்திகள், மருந்தடிக்கிற பம்புகள், தள்ளுவண்டிகள் எல்லாவற்றையும் கழுவி அடுக்கினார்கள். அப்பா டிராக்டரைச் சவுக்காரத் தூள் போட்டுக் கழுவி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். சந்தனம் அரைத்தது அத்தை. கட்டையைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, ஒரு கிண்ணம் நிறைய, வெண்ணெய் பதத்தில். விளக்குகளுக்கும் சக்கரத்தின் மேலே இருக்கும் தகடுகளுக்கும் அவள் பொட்டு வைத்தாள். கிண்ணம் என் கையில் இருந்தது. டேங்க் மூடிக்குக் கை நீட்டியபோது அப்பா தடுத்தார்.

"இது நான் வைக்கிறேன். இதுதான் வண்டிக்கு நெத்தி."

மூன்று விரலால் அள்ளி, மூடி முழுக்க அப்பினார். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல வழித்துச் சமப்படுத்தி, நடுவில் குங்குமம் அழுத்தினார். சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை நகர்த்தினார். எல்லோரும் கும்பிட்டோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். பூசைக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது. வெயிலோ மழையோ, அது தானாக உதிர வேண்டும். விளக்குகளில் இருந்தது சீக்கிரமே போய்விட்டது. மூடியில் இருந்தது போகவில்லை. டீசல் ஊற்றும்போது வழிந்ததும் செம்மண் புழுதியும் அதோடு சேர்ந்து சிமெண்டு போல இறுகிவிட்டன. அப்பா தினமும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவார்.

வண்டி நிற்க ஆரம்பித்தது.

காலையில் முதல் தட்டிலேயே கிளம்பும். கொஞ்ச தூரம் நன்றாகப் போகும். பிறகு எஞ்சின் இருமும், திணறும், அடங்கிவிடும். அப்பா ஸ்டார்டரைப் போட்டுப் போட்டு பேட்டரியைத் தீர்த்துவிடுவார். அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

முதலில் மின்சாரம்தான் என்று நினைத்தார். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த பொடியில் வெந்நீர் ஊற்றி, மணல் தாளால் தேய்த்து, கிரீஸ் தடவினார். முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்டரைத் திருகுவார். விளக்கு சட்டென்று மங்கினால் பேட்டரியிலோ வயரிலோ கோளாறு, மங்காமல் எரிந்தால் கோளாறு வேறிடம். அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்த கணக்கு அது. மங்கியது. வண்டியின் உடம்போடு சேரும் எர்த் வயர் தளர்ந்து ஆடுவதைக் கண்டுபிடித்து முறுக்கினார். பேட்டரியை ஸ்டோரில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றினார். ஸ்டார்டர் கும்மென்று சுற்றியது. அன்று அப்பா சிரித்தார். "வியாதி போச்சு" என்றார்.

அன்றே மறுபடி நின்றது.

அடுத்து டீசல். மூடியைத் திறந்து, டேங்கில் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தார், இருந்தது. வடிகட்டிக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. வடிகட்டியை மாற்றினார். குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினார். குமிழ் குமிழாக வந்து, பிறகு டீசல் சீராக வழியும். திருகாணியை இறுக்குவார். வண்டி கிளம்பும். கொஞ்ச தூரம் போகும். நிற்கும்.

"அது மூச்சு முட்டி நிக்குது, அண்ணே" என்றாள் அத்தை ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே. "தண்ணியில முங்குற ஆளு மாதிரி சத்தம் வருது. ரெண்டு மூணு தடவ இழுத்துப் பாத்துட்டு அடங்குது."

"நீ மெக்கானிக்கா?" என்றார் அப்பா.

குலைகள் பெட்டியிலேயே கிடந்து அழுகின. லாரி காத்திருந்துவிட்டு வெறுமனே திரும்பிப் போனது. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர், தோட்டத்து ஆட்கள் முன்னாலேயே அப்பாவைத் திட்டினார். "வண்டி ஓட்டத் தெரியலன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கிறேன். வீட்டையும் காலி பண்ணிடு." டிராக்டர் ஓட்டுகிறவருக்குத்தான் அந்த வீடு. அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான், அத்தை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒருநாள், அவள் கண்ணெதிரே வண்டி நின்றது. குலை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சொன்னார், விளையாட்டாகத்தான் சொன்னார்: "தங்கச்சி, கொஞ்சம் தள்ளிப் போம்மா. உன்னப் பாத்துத்தான் வண்டி வெக்கப்படுது." அத்தையும் சிரித்துக்கொண்டே தள்ளிப் போனாள். அப்பா டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். மூடினார். காற்றை எடுத்தார். வண்டி கிளம்பியது.

விளையாட்டு அந்த இடத்தில் முடிந்துபோனது.

இன்று எனக்குத் தெரிகிறது. மூடியைத் திறந்த அந்த நொடியில் நோய் போய்விடுகிறது. டேங்கில் டீசல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்குத்தான் அந்தத் துளை. துளை அடைத்துக்கொண்டால் டேங்க் உள்ளுக்குள்ளேயே இழுத்துப் பிடிக்கும், டீசல் இறங்காது, எஞ்சின் சாகும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், கொஞ்ச தூரம் ஓடும். எஞ்சின் இரைச்சல் அடங்கி, ஆட்கள் ஆளுக்கொரு யோசனை கத்திக்கொண்டிருக்கும்போது திறப்பதால் காற்று உள்ளே புகும் அந்தச் சின்னச் சத்தம் யாருக்கும் கேட்டதில்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே வைத்தியம் செய்துகொண்டிருந்தார். பேர் மட்டும் வேறு எதற்கெல்லாமோ போனது. பேட்டரிக்கு, வடிகட்டிக்கு, சுற்றிப் போட்ட எலுமிச்சம்பழத்துக்கு. கடைசியில், அத்தை அங்கே இல்லாததற்கு.

லயத்து வீட்டு வரிசைப் பெண்கள் குழாயடியில் பேசினார்கள். புருஷனை விட்டு வந்தவள் கை பட்டுத்தானே பூசை நடந்தது என்றார்கள். அத்தை வாளியோடு வந்தால் பேச்சு நிற்கும். நின்ற பேச்சைக் கேட்பது பேச்சைக் கேட்பதைவிடக் கொடுமை. பையன்கள் அத்தையைப் பார்த்தால் எஞ்சின் இருமுவதுபோல இருமிக் காட்டி, சாலையில் பொத்தென்று விழுந்து செத்தது மாதிரி கிடப்பார்கள். அத்தை அவர்களைத் தாண்டிப் போவாள். ஒருதடவை ஒருவனிடம் மட்டும், "எழுந்திரு கண்ணு, எறும்பு கடிக்கும்" என்றாள்.

மண்டோர் ஒருநாள் முடிவெடுத்தார்.

"இன்னிக்கு ஒண்ணு பாத்துடுவோம். நீ சுமையோட ஒரு சுத்து ஓட்டிட்டு வா. தங்கச்சிய ஸ்டோர் முன்னால நிக்கச் சொல்லு."

வேலை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். ஐஸ்கிரீம்காரர்கூட மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அத்தை மடங்காத விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"வண்டி நின்னுட்டா அவளையே கட்டி இழுக்கச் சொல்லலாம், மண்டோர்!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு.

அப்பா சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார். நெடுந்தூரம் ஓடிய வண்டி. எஞ்சின் திணறத் தொடங்கும் நேரம்தான் அது.

"நட," என்றார் மண்டோர். "குறுக்கால நட."

அத்தை நடந்தாள். வண்டி இருமியது. அவள் பாதையைத் தாண்டி முடிப்பதற்குள் அடங்கியது.

"ஹோ" என்று ஒரு சத்தம் எழுந்தது. கைதட்டினார்கள். பந்து கோலுக்குள் போனால் தட்டுவார்களே, அப்படி. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப தள்ளிப் போ. கண்ணுல படாம போ."

அத்தை ஸ்டோருக்குப் பின்னால் போனாள். அப்பா மூடியைத் திறந்தார், குச்சி விட்டார், மூடினார், காற்றை எடுத்தார். வண்டி கிளம்பியது. மறுபடி கைதட்டல். நான் ஸ்டோருக்குப் பின்னால் ஓடினேன். அத்தை உரமூட்டைகள் மேல் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசமாவே என் கைதானோ?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் நடந்தவற்றில் எனக்கு இன்றும் தாங்க முடியாதது அந்தக் கேள்விதான்.

அப்புறமும் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. அத்தை வீட்டைவிட்டு வெளியே வராத நாட்களிலும் நின்றது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் நிபோங் திபால் பெக்கான் கடைவீதியிலிருந்து சீன மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அரைக்கால் சட்டை, வாயில் அணைந்த சிகரெட். தோட்டங்களில் சுற்றிச் சுற்றித் தமிழ் பேசுவார்.

அவர் எதையும் கழற்றவில்லை. வண்டியை ஓட்டச் சொன்னார். நிற்கும்வரை கூடவே தொத்திக்கொண்டு போனார். வீட்டு வரிசைக்கு முன்னாலேயே நின்றது. "எல்லாம் வாய மூடு" என்றார். டேங்க் மூடியை மெதுவாகத் திருகினார்.

'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட சத்தம். அழுது முடித்த குழந்தை விடும் மூச்சு மாதிரி.

"ஸ்டார்ட் போடு."

கிளம்பியது. அவர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். சிகரெட் கீழே விழும்வரை சிரித்தார். "ஊசி இருக்கா? பின்னு?"

யாரிடமும் இல்லை. தள்ளி, வாசல் படியில் நின்ற அத்தை தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். அவர் துளையைக் குத்தினார். காய்ந்த சந்தனம் துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது.

"யாரு இங்க சாமி கும்பிட்டது? ஆயோ, இங்க பாரு." எண்ணெய்க் கறுப்புப் பிடித்த இரண்டு விரல்களால் அப்பாவின் மூக்கை எல்லோர் முன்னாலும் இறுக்கிப் பிடித்தார். "இப்ப ஓடு. ஓடு லா! முடியுமா? மூக்க அடைச்சிட்டு ஓடு ஓடுன்னு அடிச்சா எப்படி ஓடும்?"

அவர் கையை எடுத்தபோது அப்பாவின் மூக்கு கறுப்பாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா ஒருவர்தான் சிரிக்கவில்லை. மெக்கானிக் கொடுத்த ஊக்கைக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"அங்க போய் யாருய்யா சந்தனத்த அப்புனது?" என்றார் மண்டோர்.

அப்பா தரையைப் பார்த்தார். பிறகு வாசல் படியைப் பார்த்தார்.

"என் தங்கச்சிதான்."

"இல்லப்பா, நீங்கதானே வச்சீங்க," என்றேன் நான். "நெத்தின்னு சொன்னீங்களே."

அம்மாவின் கை என் வாயை மூடியது. வெங்காய வாடை. நகம் உதட்டில் இறங்கி உப்புக் கரித்தது. மண்டோர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. "சின்னப் பிள்ளைங்க எதையாவது சொல்லும்" என்று திரும்பிக்கொண்டார்.

அன்று அடுப்படியில் அத்தை கேட்டாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். "அண்ணே, நான் வச்சது லைட்டுலயும் தகட்டுலயும்தானே?"

"இப்ப அதுவா முக்கியம்?" என்றார் அப்பா.

கோளாறு என்ன என்று தெரிந்துவிட்டது. இனி பழி போய்விடும் என்று நான் நினைத்தேன். அந்த வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். குழாயடியில் பேச்சு வேறு மாதிரி ஆனது. "அப்ப அவதான்னு சரியாத்தானே சொன்னோம்?" நான் சொன்னது காதில் விழுந்த ஒருத்தி, "யாரு வச்சா என்ன, அரைச்சது அவதானே?" என்றாள். "கட்டுன புருஷனுக்கும் இப்படித்தான் மூச்ச அடைச்சிருப்பா." அத்தை சொன்ன அதே மூச்சு.

அப்பா லாரிக்காரர் மூலமாகக் கூலிமுக்கு, அத்தையின் புருஷனுக்குச் சொல்லி அனுப்பினார். மாமாவிடமிருந்து அதே வழியில் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய ரோடு பிரியும் சிம்பாங்கில் நிற்பேன். கொஞ்ச நேரம் பார்ப்பேன். வரவில்லை என்றால் போய்விடுவேன், பிறகு இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். லாரிக்காரர் இதை வாசலில் நின்று சொன்னபோது அத்தை உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் 'போய்விடுவேன்' என்ற இடத்தில் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை விடிந்ததும் குளித்து, சாமி படத்துக்கு வைக்கக் கொஞ்சம் சந்தனம் அரைத்தாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. போகிற நாளில் எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டாள். என் நெற்றியில் அத்தை ஒரு பொட்டு வைத்தாள். அப்பா கூடையைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, இழுவைப் பெட்டியை மாட்டும் ஆணியைக் குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். அத்தை டிராக்டரின் அருகே போய் டேங்க் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

நானும் வருவேன் என்று அழுது, பெட்டியில் அவளோடு ஏறிக்கொண்டேன். காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் செம்பனை. வண்டி ஆடி ஆடிப் போனது. அத்தை என் காதில் சொன்னாள்:

"நிக்கும் பாரு."

சொன்னபடி நின்றது. கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் இருமி, திணறி, அடங்கிவிட்டது. ஓலைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. "மாமா கொஞ்ச நேரந்தான் நிப்பாராம்" என்றாள்.

அப்பா இறங்கினார். விளக்கைப் போட்டு ஸ்டார்டரைத் திருகினார். மங்கவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார். தண்ணீர் இல்லை. திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். டீசல் வரவில்லை. மறுபடி அடித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தை சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் தெரிய, ஒரு சின்னப் பெண் மாதிரி. வெயில் இன்னும் ஏற வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அப்பா நிமிர்ந்தார். திருகாணியை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஏறினார். மெக்கானிக் மூக்கைப் பிடித்த நாளிலிருந்து தொட்டுக் கும்பிடாமல், கண்ணைத் திருப்பிக்கொண்டே ஏறியவர், இப்போது மூடியைப் பார்த்தார். ஈரம் காயாத புதுச் சந்தனம், துளையின் மேல் மட்டும், ஒரு பட்டாணி அளவுக்கு.

திருகினார். 'ஸ்ஸ்ஸ்ஸ்'.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியை உருவினார். சாவி வளையத்தில் அத்தையின் ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரித்துத் துளையைக் குத்தினார். ஊதினார். சாமிப் பொட்டைத் துடைக்கக் கூடாது என்பவர், தோள் துண்டால் மூடியைச் சுத்தமாகத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"இவ்வளவு கத்துக்கிட்டியா நீ?"

"எப்படியும் என் கைன்னுதானே சொன்ன, அண்ணே. அதான் ஒருதடவ நெசமாவே வச்சேன்."

அப்பா திருகாணியை இறுக்கினார். வண்டியைக் கிளப்பினார். முதல் தட்டிலேயே கிளம்பியது.

"அண்ணே," என்று அத்தை எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "கொஞ்சம் மெதுவா ஓட்டுண்ணே."

அவருக்குக் கேட்டது. ஆக்சிலேட்டரைக் கீழே இழுத்தார். அவ்வளவு வேகத்தில் அந்த வண்டி ஓடி நான் பார்த்ததே இல்லை. சாக்குகள் பறந்தன. அத்தை ஒரு கையால் கூடையையும் மடங்காத விரல்கள் உள்ள கையால் என்னையும் பிடித்துக்கொண்டாள்.

சிம்பாங்கில் மாமா நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. குடிக்காத மனிதர், குரல் உயர்த்தாத மனிதர். கைக்குட்டையால் மோட்டார் சைக்கிள் சீட்டைத் துடைத்துவிட்டு ஏறி உட்காரப் போனார். எங்களைப் பார்த்ததும் இறங்கினார்.

"கிளம்பிட்டேன், மச்சான். வண்டி மக்கர் பண்ணிடுச்சோ?"

"சின்ன அடைப்பு," என்றார் அப்பா. "எடுத்தாச்சு."

திரும்பும்போது அப்பா என்னைத் தன் பக்கத்தில், சக்கரத் தகட்டின் மேல் உட்காரவைத்துக்கொண்டார். அதற்குமுன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. "பாத்தியா, எப்படி ஓடுது" என்றார். வீட்டில் அம்மா அத்தையின் தட்டைக் கழுவி, மேல் பலகையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அடுத்த ஆயுத பூசைக்குள் அத்தை செத்துப்போனாள். கீழே விழுந்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கிருந்து விழுந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்துத் தோட்ட வீடுகளில் விழுவதற்கு உயரம் ஏது என்று உங்களுக்கும் தெரியும்.

அப்பா பணி ஓய்வு பெற்றபோது சாவியை ஸ்டோரில் ஒப்படைத்தார். ஊக்கும் அதோடு போயிற்று. அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்தவர்கள், ஒருநாளும் வண்டியை வழியில் நிறுத்தாத மனிதர் என்று பெருமையாகப் பேசினார்கள். நான் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், உள் அறையில் என் மகள் தூங்குகிறாள். கதவைச் சாத்தவிட மாட்டேன் என்கிறாள். பக்கத்து வீட்டில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் கையை மார்போடு சேர்த்துக்கொள்கிறாள். நான் அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் மடங்குகின்றன. மடங்குகின்றன என்பதில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்து அன்று முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தேன். இந்த ஆயுத பூசைக்கு அவள்தான் எங்கள் காருக்குப் பொட்டு வைத்தாள். மறுவாரம் டயர் பஞ்சர் ஆனது. உங்களில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "யாரு பொட்டு வச்சது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். யார் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் விளையாட்டாகத்தான் கேட்டீர்கள்.

மருமகன் நல்ல மாதிரிதான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை கடல் பாலத்தைத் தாண்டிப் பட்டர்வொர்த் வரை கொண்டுவந்து விடுங்கள், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன், வரவில்லை என்றால் இத்தோடு முடிந்தது என்றார். குரலை உயர்த்தவில்லை. என் வீட்டுக்காரர் நேற்றே எண்ணெய் நிரப்பி, டயருக்குக் காற்று பிடித்து, பேட்டரியைப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி பஞ்சு மாதிரி ஓடுகிறது என்றார்.

ஓடும். எங்கள் காரில் ஒரு கோளாறும் இல்லை. அதனால்தான் சாவியை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.